மிட்சோமர் மர்டர்ஸ்: எங்கே தொடங்குவது, கொலையாளியை எப்படி மோப்பம் பிடிப்பது

பிரிட்டனின் ஐடிவி சேனலில் 1997 மார்ச்சில் ஆரம்பித்து, கால் நூற்றாண்டைத் தாண்டியும் ஓடிய ஒரு கிராமத்துக் கொலைத் தொடரை இப்போது போய்ப் புதிதாகத் தொடங்கலாமா என்று தயங்குபவர்களுக்காக இது. தாராளமாகத் தொடங்கலாம். ஆனால் முதல் சீசனில் இறங்கி வரிசையாகப் பார்த்து முடிக்கிறேன் என்று சபதம் எடுத்தால் பாதியில் மூச்சு முட்டிவிடும், ஏனென்றால் மொத்தம் 130 எபிசோடுகளுக்கு மேல் இருக்கின்றன, ஒவ்வொன்றும் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல், கிட்டத்தட்ட ஒரு சினிமா. நல்லவேளையாக வரிசை அவ்வளவு முக்கியமில்லை. எதைப் பார்ப்பது, எப்படிப் பார்ப்பது என்பதுதான் முக்கியம்.

தெரியாதவர்களுக்கு ஒரு சுருக்கம். மிட்சோமர் என்பது இங்கிலாந்தின் தெற்குப் பக்கம் இருப்பதாகக் கற்பனை செய்த ஒரு கவுண்டி, நம்மூர் மாவட்டம் மாதிரி. அதன் பெரிய ஊர் காஸ்டன், போலீஸ் நிலையம் அங்கே. சுற்றிலும் மிட்சோமர் வொர்தி, மிட்சோமர் மாலோ, மிட்சோமர் பார்வா என்று குட்டிக் குட்டிக் கிராமங்கள். எபிசோடுக்கு ஒரு கிராமம், கிராமத்துக்கு இரண்டு மூன்று பிணம். துப்பறிபவர் டாம் பார்னபி, கூட ஒரு இளம் சார்ஜென்ட். கேரலைன் கிரஹாம் எழுதிய பார்னபி நாவல்கள் ஏழு; அதில் ஐந்தை 1998க்குள் எடுத்து முடித்துவிட்டார்கள், அப்புறம் வந்ததெல்லாம் தொலைக்காட்சிக்கென்றே எழுதியவை. முதல் எபிசோடுக்குத் திரைக்கதை எழுதியவர் ஆண்டனி ஹொரோவிட்ஸ்.

முதலில் மனதைச் சரி செய்துகொள்ளுங்கள்

இதைப் பார்த்துவிட்டு "போலீஸ் இப்படியா விசாரிக்கும்" என்று கேட்பவர்கள் பலர். விசாரிக்காதுதான். நிஜ பிரிட்டனில் ஒரு கொலை நடந்தால் பெரிய குழுவே இறங்கும், வாக்குமூலங்களையெல்லாம் ஏற்றித் தேட ஒரு கணினி அமைப்பே வைத்திருக்கிறார்கள் (அதற்கு ஹோம்ஸ் என்று வருகிற மாதிரி சுருக்கப் பேர் அமைத்தவர் நிச்சயம் ஒரு ரசிகர்தான்). மிட்சோமரில் அதெல்லாம் கிடையாது. தலைமை இன்ஸ்பெக்டரே காரை நிறுத்திவிட்டு வேலிப்படலைத் திறந்து உள்ளே போய், ரோஜாச் செடிக்குக் கத்தரி போட்டுக்கொண்டிருக்கும் அம்மாளிடம் நேற்று ராத்திரி எங்கே இருந்தீர்கள் என்று கேட்பார். அந்த அம்மாள் பதில் சொல்லாமல் பக்கத்து வீட்டுக்காரரைப் பற்றி ஒரு புகார் சொல்வார். அந்தப் புகார்தான் நமக்கு வேண்டும்.

தொடக்க இசையைக் கவனித்தால் தொடரின் குணம் பிடிபட்டுவிடும். ஜிம் பார்க்கர் போட்ட மெட்டு, வாசிப்பது தெரமின் என்ற கருவி. கையால் தொடாமலே, காற்றில் விரலை அசைத்து வாசிப்பது அது. பழைய பேய்ப் படங்களில் வரும் ஊளைச் சத்தம் ஞாபகம் இருக்கிறதா, அதேதான். அந்த ஊளையை எடுத்து வால்ட்ஸ் என்ற நிதானமான நடன மெட்டுக்குள் வைத்திருக்கிறார்கள். பயமுறுத்துகிறார்களா, கிண்டல் செய்கிறார்களா என்று சொல்ல முடியாது. தொடரும் அப்படித்தான், நடிகர்கள் யாரும் சிரிக்க மாட்டார்கள், நாம்தான் சிரிக்க வேண்டும். இதை முதல் நாளே புரிந்துகொண்டால் மிச்சமெல்லாம் சுலபம்.

எதில் ஆரம்பிப்பது

முதல் எபிசோடான 'தி கில்லிங்ஸ் அட் பேட்ஜர்ஸ் டிரிஃப்ட்'டைத் தவறவிடாதீர்கள், அதை வைத்தே பார்க்கும் முறை முழுவதையும் பழகிவிடலாம். ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருத்தி, காட்டுக்குள் ஓர் அரிய ஆர்க்கிட் பூவைத் தேடிப் போகிறாள், போன இடத்தில் பார்க்கக்கூடாத எதையோ பார்த்துவிடுகிறாள், வீடு திரும்பியவள் செத்துக் கிடக்கிறாள். டாக்டருக்கு அதில் சந்தேகமே வரவில்லை. அவளுடைய வயதான தோழி மட்டும் விடாமல் பார்னபியிடம் வந்து நிற்கிறாள். அதே ஊரில் பிணப்பெட்டி செய்து அடக்க ஏற்பாடு செய்யும் ஒருவனும் அவன் தாயும், ஊரையே எட்டிப் பார்த்துக் குறிப்பெடுத்து வைத்திருக்கிறார்கள்; அந்த இருவரும் எபிசோடு முடியும்வரை இருப்பார்களா என்று நான் சொல்லத் தேவையில்லை.

அதற்கப்புறம் 'ரிட்டன் இன் பிளட்' பாருங்கள். ஒரு கிராமத்து எழுத்தாளர் வட்டம், வெளியூரிலிருந்து ஒரு பிரபல எழுத்தாளரைப் பேச அழைக்கிறது, கூட்டம் முடிந்த இரவே வட்டத்தில் ஒருவர் கொல்லப்படுகிறார். இலக்கியக் கூட்டம் நடத்திப் பழகியவர்களுக்கு இதில் கொலையைவிடக் கூட்டம்தான் அதிகம் சுவைக்கும், யார் கவிதையை யார் எவ்வளவு நேரம் கேட்க வேண்டும் என்பதிலேயே பாதிப் பகை இருக்கிறது.

மூன்றாவதாக 2000இல் வந்த 'ஜட்ஜ்மென்ட் டே'. மிட்சோமர் மாலோ என்ற ஊர் 'மிகச் சிறந்த கிராமம்' போட்டியில் இறுதிச் சுற்றுக்கு வந்திருக்கிறது. இந்த மாதிரிப் போட்டிகள் இங்கிலாந்தில் நிஜமாகவே உண்டு, புல்வெளி வெட்டியிருக்கிறதா, பெஞ்சுக்கு வர்ணம் அடித்திருக்கிறதா என்று வெளியிலிருந்து நடுவர்கள் வந்து பார்ப்பார்கள். பரிசு கைக்கு வரும் நேரத்தில் ஊரில் ஒரு கொலை நடந்தால் ஊர்க்காரர்களுக்கு எது பெரிய கவலை? செத்தவனாக வருபவர் ஆர்லாண்டோ புளூம். வைக்கோல் அள்ளும் கவைக்கோலால் குத்தப்பட்டுச் சாகிறார். அடுத்த வருடமே 'லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' வந்து அவர் உலகப் பிரபலம்.

இந்த மூன்றும் பிடித்தால் மீதியை எந்த வரிசையில் பார்த்தாலும் சரி. கிரிக்கெட் பிடிக்குமென்றால் 'டெட் மேன்ஸ் இலெவன்', நாடகக்குழு என்றால் 'டெத் ஆஃப் எ ஹாலோ மேன்'. வேற்றுக்கிரகவாசி, வயலில் மர்ம வட்டங்கள் என்றால் 'தி எலெக்ட்ரிக் வெண்டெட்டா'.

இரண்டு பார்னபிகள்

குழப்பம் வரும் ஒரே இடம் இதுதான். 1997 முதல் 2011 தொடக்கம்வரை ஜான் நெட்டில்ஸ் நடித்த டாம் பார்னபி. 2011இல் அவர் விலகியதும் அவருடைய ஒன்றுவிட்ட சகோதரராக ஜான் பார்னபி வந்தார், நடிப்பவர் நீல் டட்ஜன். பேரை மாற்றாமல் ஆளை மாற்றியது வியாபார புத்திதான். ஜெர்மனியிலும் பிரான்ஸிலும் இந்தத் தொடருக்குத் தலைப்பே 'இன்ஸ்பெக்டர் பார்னபி', ஆகவே பார்னபி என்று ஒருவர் இருந்தே ஆக வேண்டும். வேடிக்கை என்னவென்றால் டட்ஜன் 2000இலேயே 'கார்டன் ஆஃப் டெத்' எபிசோடில் தோட்டக்காரராக வந்து போனவர். ஜான் பார்னபியாக அவர் முதலில் எட்டிப் பார்ப்பது 2010இன் 'தி சோர்ட் ஆஃப் கியோம்' என்ற எபிசோடில், பிரைட்டன் நகரப் போலீஸ் அதிகாரியாக.

என் கட்சி டாம் கட்சி. நெட்டில்ஸ் ஒருவரைப் பேச விட்டுவிட்டு, நம்புகிறாரா இல்லையா என்று காட்டிக்கொள்ளாமல், லேசாகத் தலையை ஆட்டிக்கொண்டு நிற்பார் பாருங்கள், அந்த நிற்றலுக்காகவே பழைய சீசன்களைத் திரும்பப் பார்க்கலாம். டட்ஜன் கொஞ்சம் அதிகம் பேசுகிறார், கிண்டலும் கூடுதல். சைக்ஸ் என்ற நாய் ஒன்று கூட வரும், நாய்ப் பிரியர்கள் அந்தப் பக்கம் சாய்வார்கள். சார்ஜென்ட்கள் டிராய், ஸ்காட், ஜோன்ஸ், நெல்சன், விண்டர் என்று மாறிக்கொண்டே இருப்பார்கள். முதலாமவர் டிராய் காரோட்டுவது பயங்கரம், மனிதர்களைப் பற்றி அவசர முடிவெடுப்பதும் அப்படியே, அதனால் அவர் யாரைக் குற்றவாளி என்கிறாரோ அவரை உங்கள் பட்டியலிலிருந்து தைரியமாக அடித்துவிடலாம்.

முதல் இருபது நிமிடம் போனைத் தொடாதீர்கள்

இதை மட்டும் கண்டிப்பாகச் சொல்வேன். முதல் இருபது நிமிடத்தில் பத்துப் பன்னிரண்டு பேரைக் காட்டிவிடுவார்கள். எல்லோரும் வெள்ளைக்காரர்கள், பாதிப் பேர் ஒரே மாதிரிக் கோட்டு, பேர்களும் ஒட்டாது. பேரை மனப்பாடம் செய்ய முயலாதீர்கள், வீட்டை நினைவில் வையுங்கள். பெரிய வீட்டுக்காரர்கள், பாதிரியார் வீடு, பப் நடத்தும் தம்பதி, டாக்டர், பண்ணை வைத்திருப்பவர், லண்டனிலிருந்து புதிதாக வந்து குடியேறிய பணக்காரர், தனியாக இருக்கும் மூதாட்டி, இவ்வளவுதான் மிட்சோமர். ஒரு தாளில் வீடுகளைக் கட்டம் போட்டு, எந்த வீட்டிலிருந்து எந்த வீட்டுக்கு யார் ரகசியமாகப் போகிறார்கள் என்று கோடு இழுத்துப் பாருங்கள். அரை மணி நேரத்தில் தாள் நிறைந்துவிடும். அதிகக் கோடு போகும் வீட்டில் கள்ள உறவு இருக்கும், ஆனால் கொலை அங்கே இருக்காது. ஒரே ஒரு கோடு, அதுவும் இருபது முப்பது வருடம் பழைய கோடு எந்த வீட்டுக்குப் போகிறதோ, அங்கே கண்ணை வையுங்கள்.

பெரிய வீடு என்பது நம்மூர் ஜமீன் பங்களா மாதிரிதான், பேர் இருக்கிறது, பணம் இல்லை, கூரை ஒழுகுகிறது. இங்கே ஒரு விஷயம் தெரிந்திருந்தால் பாதி எபிசோடுகளின் காரணம் புரியும். இங்கிலாந்தில் சொந்த நிலமே என்றாலும் நினைத்தபடி வீடு கட்ட முடியாது, உள்ளூர் கவுன்சிலின் அனுமதி வேண்டும். வெறும் வயலுக்கு அந்த அனுமதி கிடைத்துவிட்டால் அதன் விலை பல மடங்கு ஏறிவிடும். ஆகவே ஒருவர் வயலை விற்க நினைக்கிறார், அக்கம்பக்கத்தார் காட்சி கெட்டுவிடும் என்று எதிர்க்கிறார்கள், யாரோ ஒருவர் கையெழுத்துப் போட மறுக்கிறார் என்றால் அது வெறும் ஊர் வம்பு இல்லை, கோடிக்கணக்கான ரூபாய் விவகாரம். இன்னொன்று, பெரிய குடும்பங்களில் எஸ்டேட்டைப் பிரிக்காமல் மூத்த மகனுக்கே விடுவது பழைய வழக்கம். அதனால் இளையவன், மகள், வேலைக்காரிக்குப் பிறந்தவன் என்று தள்ளி வைக்கப்பட்டவர்கள் எப்போதும் கதையில் இருப்பார்கள்.

கமிட்டியைப் பாருங்கள்

ஒவ்வொரு எபிசோடிலும் ஒரு கமிட்டி உண்டு. மலர்க் கண்காட்சி, தேவாலய மணி அடிப்பவர்கள், கிரிக்கெட் கிளப், நாடகக்குழு, எழுத்தாளர் வட்டம், ஏதோ ஒன்று. புதிதாகப் பார்ப்பவர்கள் இதை நகைச்சுவைக்கான இடைச்செருகல் என்று நினைத்துத் தண்ணீர் குடிக்கப் போய்விடுகிறார்கள். போகாதீர்கள். கதையின் எலும்பே அதுதான். ஊரில் மற்ற நேரத்தில் ஒருவரை ஒருவர் தவிர்க்கும் ஆட்கள், விருப்பமில்லாமல் ஒரே அறையில் உட்காருவது அங்கே மட்டும்தான். யார் யாருக்கு எதிரே உட்காருகிறார், யார் பேசும்போது யார் சன்னலைப் பார்க்கிறார், தீர்மானம் போடும்போது யார் கை கடைசியில் உயர்கிறது என்று பாருங்கள்.

உதாரணத்துக்கு 2002இல் வந்த 'ரிங் அவுட் யுவர் டெட்'. இங்கிலாந்து தேவாலயங்களில் கோபுரத்தில் ஆறு, எட்டு என்று மணிகள் தொங்கும். ஒவ்வொரு மணிக்கும் ஒரு கயிறு, ஒவ்வொரு கயிற்றுக்கும் ஓர் ஆள். அவர்கள் பாட்டு வாசிப்பதில்லை. மணிகள் ஒலிக்கும் வரிசையைக் கணக்குப் போட்டு மாற்றி மாற்றி அடிப்பார்கள், ஒருவர் தடுமாறினால் எல்லாம் கலைந்துவிடும். அப்படிப்பட்ட ஒரு குழு போட்டிக்குத் தயாராகும் நேரத்தில் மணியடிப்பவர்கள் ஒவ்வொருவராகச் சாகிறார்கள். நீங்கள் யோசிக்க வேண்டியது யாருக்கு அவர்கள்மேல் கோபம் என்று மட்டுமா? கயிறு காலியானால் யார் வந்து பிடிக்க முடியும், இந்தக் குழுவைக் கூட்டாக யார் வெறுக்கக் காரணம் இருக்கிறது, இவர்கள் மணி அடித்துக்கொண்டிருந்த ஏதோ ஒரு நாளில் வேறு என்ன நடந்தது, இப்படிக் கேள்வியை அகலப்படுத்துங்கள். விடையை நான் சொல்லப்போவதில்லை.

ஊர்த் திருவிழாவில் பந்து எறிந்து தேங்காய் விழுத்தும் கடை, கேக் போட்டி, பாதிரியாரின் உரை இவையெல்லாம் வந்தால் சுமார் பத்து நிமிடத்தில் யாரோ அலறுவார்கள் என்று அர்த்தம். டீ போட்டு வைத்துக்கொள்ளலாம்.

இரண்டாவது பிணம்தான் உண்மை பேசும்

முதல் கொலை எதனால் என்று மண்டையை உடைத்துக்கொள்ளாமல் இரண்டாவது கொலைக்குக் காத்திருப்பது நல்லது. முதல் கொலை திட்டமிட்டது, அதனால் கொலையாளி நன்றாக மூடி மறைத்திருப்பான் அல்லது மறைத்திருப்பாள். இரண்டாவது பெரும்பாலும் பதற்றத்தில் செய்வது, ஏனென்றால் யாரோ எதையோ பார்த்துவிட்டார்கள், பார்த்ததைப் போலீஸிடம் சொல்லாமல் காசாக்க நினைத்தார்கள். மிட்சோமரில் மிரட்டிப் பணம் பறிக்கும் யாருக்கும் நீண்ட ஆயுள் கிடையாது. ஒரு பாத்திரம் பார்னபியிடம் "எனக்கு ஒன்றும் தெரியாதே" என்று சொல்லிவிட்டு, அவர் கதவைத் தாண்டியதும் போனை எடுத்தால், அந்த ஆளுக்காக முன்கூட்டியே அனுதாபப்பட்டுவிடுங்கள். அப்புறம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இவர் என்ன பார்த்திருக்க முடியும்? எங்கே நின்றால் அது தெரியும்? முதல் கொலை நடந்த நேரத்தில் அந்த இடத்தில் நின்ற ஆள் யார் என்பதற்கு அதிலிருந்து வழி கிடைக்கும்.

காரணங்களைப் பொறுத்தவரை, நிலம், பழைய காதல், யார் யாருக்குப் பிறந்தவர் என்ற ரகசியம், எப்போதோ செத்துப்போன ஒருவருக்காகப் பழி, இந்த நான்குக்கு வெளியே அநேகமாகப் போக மாட்டார்கள். இதில் மூன்றாவதைக் குறைத்து மதிப்பிடாதீர்கள். சுவரில் தொங்கும் பழைய போட்டோவை கேமரா ஒரு நொடி கூடுதலாகக் காட்டினால் நிறுத்திப் பாருங்கள்.

பிரேதப் பரிசோதகர் சொல்லும் மரண நேரத்தை வைத்து யார் எங்கே இருந்தார் என்று கணக்குப் போடாதீர்கள். பழைய சீசன்களின் டாக்டர் புல்லார்ட் அருமையான மனிதர், ஆனால் அவர் சொல்லும் நேரத்துக்கு எல்லோரிடமும் ஒரு சாட்சி இருக்கும், அதில் பாதி பொய்யாக இருக்கும், அந்தப் பொய்யும் பெரும்பாலும் கள்ள உறவை மறைக்கச் சொன்னதாக இருக்கும். நேரம் வீண்.

பிரபல முகத்தைப் பார்த்ததும் "இவர்தான் கொலையாளி, சும்மா கூப்பிட்டிருக்க மாட்டார்கள்" என்று சொல்கிற பழக்கமும் இங்கே எடுபடாது. பிரிட்டிஷ் தொடர்களில் பெரிய நாடக நடிகர்கள் நாலு காட்சிக்கு வந்துவிட்டுப் போவது சகஜம். அதோடு இன்று நமக்குத் தெரிந்த முகம் அன்று யாருக்கும் தெரியாத முகமாக இருந்திருக்கும். முதல் எபிசோடில் எமிலி மார்ட்டிமர் இருக்கிறார், 2003இன் 'தி கிரீன் மேன்' எபிசோடில் ஹென்றி கேவில், 2009இன் 'ஸ்மால் மெர்சீஸ்' எபிசோடில் ஒலிவியா கோல்மன். அந்தக் கடைசி எபிசோடில் பிணம் கிடக்கும் இடத்தைப் பார்க்கவே பார்க்கலாம், குட்டி வீடுகள் வைத்துக் கட்டிய பொம்மைக் கிராமத்துக்கு நடுவில், கலிவரைக் கட்டிப்போட்ட மாதிரிக் கயிறு சுற்றிக் கிடக்கும்.

பார்னபி வீட்டு சாப்பாட்டு மேசை

டாம் பார்னபியின் மனைவி ஜாய்ஸ் சமையலில் மோசம், ஊரில் இருக்கும் எல்லா வகுப்பிலும் சேருபவர். ஓவியம், பாட்டுக்குழு, தோட்டக்கலை என்று அவர் எதில் சேருகிறாரோ அங்கே கொலை நடக்கும். இது தற்செயல் என்று யாரும் நம்ப வேண்டியதில்லை, எழுத்தாளர்களுக்கு ஒரு சௌகரியம். ஆனால் நமக்கும் அதில் உபயோகம் உண்டு: பார்னபி அலுவலகத்தில் யோசித்துக் கண்டுபிடிப்பதைவிட, ஜாய்ஸோ மகள் கல்லியோ வேறு எதைப் பற்றியோ சாதாரணமாகச் சொன்ன ஒரு வார்த்தையில் சட்டென்று நிமிர்வது அதிகம். வீட்டுக் காட்சி வந்தால் என்ன பேசுகிறார்கள் என்று கேளுங்கள். அவர் முள்கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் கோட்டைத் தேடினால், விடை இப்போதுதான் சொல்லப்பட்டது என்று பொருள். அங்கேயே நிறுத்துங்கள், பக்கத்தில் இருப்பவர்களிடம் ஆளுக்கு ஒரு பேர் சொல்லச் சொல்லுங்கள், காரணமும் சேர்த்து. பேர் மட்டும் சொன்னால் செல்லாது, பன்னிரண்டு பேரில் ஒருவரைக் குருட்டாம்போக்கில் சொல்லிவிட்டு ஜெயித்தேன் என்று குதிப்பவர்களை எல்லா வீட்டிலும் பார்க்கலாம்.

கடைசிக் காட்சி உங்களுக்குச் சப்பென்று தோன்றக்கூடும், நம் படங்களைப் பார்த்துப் பழகியதால். பிரிட்டனில் சாதாரணப் போலீஸ்காரர்கள் துப்பாக்கி வைத்துக்கொள்வதில்லை. பார்னபி வெறுங்கையோடு போய்ப் பேசுவார், கொலையாளியும் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொல்லுவார், சில சமயம் மிகுந்த பெருமையோடு. அந்தப் பெருமையை ரசிக்கக் கற்றுக்கொண்டால் முடிவு சலிக்காது. அவர்களில் பலருக்குத் தாங்கள் செய்தது கொலை என்றே தோன்றாது, ஊரை ஒழுங்குபடுத்தியதாகத்தான் நினைப்பு.

பொருந்தாத எபிசோடும் பொருந்தாத விஷயமும்

நாளாக ஆகக் கொலை செய்யும் முறைகள் விசித்திரமாகிக்கொண்டே போகும். 2005இன் 'ஹிட்டன் டெப்த்ஸ்' எபிசோடில் ஒருவரைப் புல்தரையில் அசையாமல் பிணைத்துவிட்டு, கவண்பொறி ஒன்றால் ஒயின் பாட்டில்களை வீசிக் கொல்கிறார்கள். 2013இல் ஒரு பெண்மணி மேல் சக்கரம் போன்ற பெரிய சீஸ் கட்டி விழுகிறது. இவற்றை முதல் வாரத்திலேயே பார்க்காதீர்கள். தொடரின் முகபாவம் பழகிய பிறகு பார்த்தால்தான் சுவை, முன்னாலேயே பார்த்தால் வெறும் கோமாளித்தனமாகத் தெரியும். 100ஆவது எபிசோடான 2014இன் 'தி கில்லிங்ஸ் ஆஃப் கோபன்ஹேகன்' கதையை டென்மார்க்குக்கே கொண்டுபோகிறது. அது டேனிஷ் குற்றத் தொடர்களைப் பார்த்தவர்களுக்கு மட்டும், மற்றவர்கள் தாண்டிவிடலாம்.

இன்னொன்றையும் தெரிந்துகொண்டு பார்ப்பது நல்லது. முதல் பதினான்கு வருடம் இந்தக் கிராமங்களில் கறுப்பர்களையோ ஆசியர்களையோ பார்ப்பதே அபூர்வம். 2011இல் தயாரிப்பாளர் பிரையன் ட்ரூ-மே ஒரு பத்திரிகைப் பேட்டியில் அது வேண்டுமென்றே செய்ததுதான், பல இனத்தவர் வந்தால் தொடர் எடுபடாது என்கிற தொனியில் பேசப்போய், பெரிய சர்ச்சையாகி, இடைநீக்கம் செய்யப்பட்டு, பிறகு பொறுப்பிலிருந்தே விலகினார். அதற்குப் பின் நிலைமை மாறியது, பிரேதப் பரிசோதகர் காம் கரிமோராக மஞ்சிந்தர் விர்க் வந்தார். தொடர் அதனால் கெட்டுப்போகவில்லை, எடுபடாது என்ற வாதம்தான் எடுபடாமல் போனது. பழைய சீசன்களைப் பார்க்கும்போது அந்த அழகான கிராமம் யாரை வெளியே வைத்து எடுக்கப்பட்டது என்பது எனக்கு உறுத்தத்தான் செய்கிறது. உறுத்தலோடுதான் ரசிக்கிறேன்.

சில நடைமுறை விஷயங்கள். சப்டைட்டில் கட்டாயம் போடுங்கள், ஆங்கிலம் நன்றாகத் தெரிந்தாலும். கிராமத்து உச்சரிப்புக்காக மட்டும் சொல்லவில்லை, பெரிய வீட்டுக்காரர்கள் வாயைத் திறக்காமலே பேசுவார்கள். இரவு பதினொன்றுக்கு ஆரம்பித்தால் இரண்டாவது கொலைக்கு முன் தூங்கிவிடுவீர்கள், ஞாயிறு மதியம்தான் சரியான நேரம். ஒரே நாளில் இரண்டு எபிசோடு பார்த்தால் இரண்டு பாதிரியார்களும் ஒன்றாகக் குழம்பிவிடுவார்கள்.

இங்கிலாந்துக்குப் போகும் வாய்ப்பு இருந்தால் ஆக்ஸ்ஃபோர்ட்ஷயரில் வாலிங்ஃபோர்ட் என்ற ஊருக்கு ஒரு நடை போகலாம், தொடரில் காஸ்டனாக வருவது அதுதான். அகதா கிறிஸ்டி 1934இல் வீடு வாங்கி, 1976இல் சாகும்வரை வைத்திருந்ததும் இதே ஊரில். பக்கத்துச் சோல்சி கிராமத்துத் தேவாலய வளாகத்தில் அவரை அடக்கம் செய்திருக்கிறார்கள். பக்கிங்ஹாம்ஷயரில் தி லீ, டர்வில், லிட்டில் மிசெண்டன் கிராமங்களிலும் எடுத்திருக்கிறார்கள். எல்லாம் ஆள் குடியிருக்கும் ஊர்கள், வேலிப்படலைத் திறந்துகொண்டு உள்ளே போகாதீர்கள்.

மூன்று எபிசோடு பார்த்தும் ஒட்டவில்லை, செத்தவருக்காக யாருமே அழ மாட்டேன் என்கிறார்களே என்று எரிச்சலாக இருக்கிறதென்றால் கட்டாயப்படுத்திக்கொள்ள வேண்டாம். உங்களுக்கானது 2013இல் வந்த 'பிராட்சர்ச்'. அங்கே ஒரே ஒரு சிறுவனின் சாவு, எட்டு எபிசோடு, ஊரே அழும்.